அமெரிக்காவிலிருந்து கார்ட்லெஸ் போன் கொண்டுவராதீர்கள்

மறுபடியும் அதே கதை. சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. சுற்றியுள்ள தெருக்களில் மொபைலில் சிக்னல் கோடு முழுசாக நிற்கிறது, ஆனால் பேச்சு பாதியில் அறுந்துபோகிறது, இல்லையென்றால் எதிர்முனையில் இருப்பவர் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே இருக்கிறார். புகார் குவிந்தபின் நாங்கள் ஆன்டெனாவையும், காற்றில் வரும் சிக்னல்களைத் திரையில் கோடாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரையும் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்து, மாடி மாடியாக ஏறி, கடைசியில் போய் நின்றது ஒரு வீட்டு டிவி ஸ்டாண்டுக்கு முன்னால். மகன் நியூஜெர்சியிலிருந்து வாங்கிவந்த கார்ட்லெஸ் போன், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் பத்திரமாகச் சொருகியிருந்தது. பிளக்கைப் பிடுங்கியதும் திரையில் துடித்துக்கொண்டிருந்த கோடு அப்படியே படுத்துவிட்டது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கும் 'டெக்ட் 6.0' போன்கள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகின்றன. அங்கே அது கார்ட்லெஸ் போன்களுக்கு விடப்பட்ட இடம். இங்கே 1920 முதல் 1980 வரை மொபைல் நிறுவனங்களுடையது, உங்கள் கைபேசி டவருக்குப் பேசும் பாதை. டவர் கைபேசிக்குப் பேசுவது 2110-க்கு மேலே. அதனால்தான் கோடு முழுசாகத் தெரிந்தும் நீங்கள் பேசுவது போய்ச் சேர்வதில்லை.

"இத்துனூண்டு போன் சார், அடுத்த தெருவுக்குக்கூட எட்டாது, அது டவரை என்ன செய்யும்?" இதைக் கேட்காத வீடே இல்லை. போன் எவ்வளவு தூரம் எட்டும் என்பது இங்கே கேள்வியே இல்லை. டவரின் காது எவ்வளவு கூர்மை என்பதுதான் கேள்வி. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், நான்கு சுவர்களுக்குள் இருக்கும் கைபேசியின் தேய்ந்துபோன சிக்னலைக் கேட்பதற்காகவே அது அங்கே நிற்கிறது. யாருமே பேசாத நேரத்தில் எங்கள் திரையில் -105 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) என்று இருக்கவேண்டிய இரைச்சல், இப்படி ஒரு போன் பக்கத்தில் இருந்தால் -90-க்கு ஏறிவிடும். அதாவது முப்பது மடங்கு. கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒருவர் மெதுவாகச் சொல்வதைக் கேட்க நீங்கள் முயலும்போது, காதருகே ஒருவர் டம்ளரைத் தட்டிக்கொண்டே இருந்தால் எப்படியோ அப்படி. ஃபில்டர் போட்டுத் தடுக்கலாமே என்பார்கள். இரண்டும் ஒரே அலைவரிசையில் வரும்போது எதைத் தடுப்பது?

"நாங்கள் அதில் பேசுவதே இல்லையே" என்பது அடுத்தது. பேசவேண்டாம். பிளக்கில் இருந்தாலே போதும், போனை வைக்கும் அடிப்பகுதியான பேஸ் யூனிட், கையில் எடுத்துப் பேசும் ஹேண்ட்செட்டுக்குத் தன் இருப்பைத் தெரிவிக்க நொடிக்கு 100 முறை துடித்துக்கொண்டே இருக்கும், இரவும் பகலும்.

அப்புறம் எஃப்சிசி முத்திரை. போனைத் திருப்பிக் காட்டி "அரசாங்க அனுமதி இருக்கிறதே" என்கிறார்கள். அது அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதி. இங்கே ரேடியோ கருவிகளுக்கு அனுமதி தருவது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு. அனுமதியில்லாத ரேடியோ கருவியை வைத்திருப்பதே குற்றம் என்று 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டம் சொல்லியது, 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதி வேண்டும் என்றே சொல்கிறது. தெரியாமல் கொண்டுவந்தவர்களை மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் 'தெரியாது' என்று சொல்லிக்கொண்டு தொடர்ந்து வைத்திருக்க முடியாது.

இப்போதே எழுந்துபோய் உங்கள் வீட்டு போனைத் திருப்பிப் பாருங்கள். 'டெக்ட் 6.0' என்று இருந்தால், அல்லது அடாப்டரில் 120 வோல்ட் மட்டும் போட்டிருந்தால், பிளக்கை எடுத்துவிடுங்கள். பெட்டியில் வெறுமனே '1.9 கிகாஹெர்ட்ஸ்' என்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், இங்கே விற்கும் சரியான போனும் 1880 முதல் 1900 வரைதான், அதிலும் அப்படிப் போட்டிருக்கலாம். சில மாடல்களில் கரண்ட் போனாலும் ஹேண்ட்செட்டின் பேட்டரியிலேயே பேஸ் ஓடும், ஆகவே ஹேண்ட்செட்டையும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். வேலை செய்கிற பொருளாயிற்றே என்று வாட்ச்மேனுக்கோ ஊரிலிருக்கும் மாமாவுக்கோ கொடுக்காதீர்கள், பழைய பொருள் விற்கும் தளத்திலும் போடாதீர்கள், அடுத்த மாதம் அந்தத் தெருவில் நாங்கள் தேடிக்கொண்டிருப்போம். மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

கார்ட்லெஸ் வேண்டுமா, இங்கேயே பில்லோடு வாங்குங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் மாடலாக இருந்தால் வைஃபை ரௌட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பா அம்மாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் வாங்கி வருகிறீர்கள், புரிகிறது. ஆனால் நெஞ்சுவலி என்று 108-ஐ அழைக்கும் கீழ்வீட்டுக்காரரின் குரல் டவருக்குப் போகாமல் நிற்கலாம், உங்கள் அப்பாவின் மொபைலும் அதே டவரைத்தான் நம்பியிருக்கிறது. இன்று அவர்களோடு பேசும்போது போனின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள்.