பதிப்புரிமை: பதிவு எதற்கு?

புத்தகத்தைத் திறந்ததும் இரண்டாம் பக்கத்தில் ‘உரிமை: ஆசிரியருக்கு’ என்று ஒரு வரி இருக்கும். அந்த உரிமைதான் காப்பிரைட், தமிழில் பதிப்புரிமை. நாளிதழ்கள் இதைக் ‘காப்புரிமை’ என்றும் எழுதுகின்றன. கண்டுபிடிப்புகளுக்கான பேட்டன்டையும் அதே சொல்லால் குறிப்பதால், தலைப்பை மட்டும் படித்தால் திருடுபோனது கதையா, மருந்துத் தயாரிப்பு முறையா என்று தெரியாது. பதிப்புரிமை என்றே எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

ஆங்கிலச் சொல்லில் உள்ள ‘காப்பி’, பழைய லண்டன் அச்சுக்காரர்களின் வழக்கில் அச்சுக்கு வரும் மூலப்பிரதி. அவர்களுடைய சங்கப் பதிவேட்டில் அது யார் பெயரில் ஏறியதோ, அவருக்கே அச்சிடும் உரிமை. எழுதியவர் பாடு திண்டாட்டம்தான். 1710இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம்தான் உரிமையை ஆசிரியர் பக்கம் திருப்பியது.

தமிழில் பதிப்பு, பதிவு இரண்டுமே ‘பதி’ என்ற வினையில் பிறந்தவை. ஆனால் பதிவு செய்தால்தான் பதிப்புரிமை என்றில்லை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவிதையை எழுதி முடித்ததுமே உரிமை வந்துவிடுகிறது. ஆசிரியர் காலம் முழுக்கவும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும்.

சரி, அப்புறம் எதற்குப் பதிவு? வழக்கென்று வந்தால் தெரியும். அரசின் பதிப்புரிமை அலுவலகம் வைத்திருக்கும் பதிவேட்டில் உள்ள விவரத்தை நீதிமன்றம் முதல்நோக்குச் சான்றாக ஏற்கும். ‘இது என்னுடையது’ என்று நீங்கள் அடியிலிருந்து நிரூபிக்க வேண்டியதில்லை. இல்லை என்பவர்தான் அதை உடைக்க வேண்டும். கதையின் உரிமையை விற்கும்போதும் வாங்குபவர் கேட்கும் முதல் காகிதங்களில் ஒன்றாக இந்தச் சான்றிதழ் இருக்கலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்தபின் யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள். கிடைக்கும் பலனுக்கு இது மலிவு என்பேன்.

ஒன்று மட்டும் பதிவாலும் நடக்காது: வெறும் கதைக்கருவைப் பூட்டி வைக்க முடியாது. கருவுக்கு உரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்கே உண்டு என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ‘என் கதையைச் சுட்டுட்டாங்க’ என்று கோடம்பாக்கத்தில் எழும் புகார்கள் பலவும் சிக்குவது இங்கேதான். திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் கதையைப் பதிவது இன்ன தேதியில் இது என்னிடம் இருந்தது என்று காட்ட உதவும். ஆனால் அது வேறு, பதிப்புரிமை அலுவலகப் பதிவு வேறு.