எஃப்.டி. என்று சொல்லித் தரப்படும் பாலிசி

வங்கியில் நிரந்தர வைப்பு (எஃப்.டி.) போடச் சென்றவர் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியோடு வீடு திரும்புவது, நுகர்வோர் வழக்குகளை நடத்தும் என்னைப் போன்ற வழக்கறிஞர்கள் அடிக்கடி காணும் ஒன்று. ஓய்வு பெறும்போது கிடைத்த பணிக்கொடையோ, நிலம் விற்ற தொகையோ, கணவர் இறந்தபின் மனைவிக்கு வந்த பணமோ ஒரு கணக்கில் மொத்தமாகச் சேர்ந்துவிட்டால், உறவினர்களுக்குத் தெரியும் முன்பே அது கிளை அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுகிறது. வங்கிகள் காப்பீட்டு நிறுவனங்களின் முகவர்களாகச் செயல்படச் சட்டம் இடம் தருகிறது. காப்பீடு எடுப்பதும் நல்லதே. ஆனால் "இதுவும் எஃப்.டி. மாதிரிதான், வட்டி கொஞ்சம் கூட" என்று நம்பவைத்துப் பாலிசியைக் கையில் கொடுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்லும் நேர்மையற்ற வணிக நடைமுறை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முதல் ஆண்டில் கண்ணுக்குப் படுவதில்லை. வைப்புத்தொகையை ஒரு முறை போட்டால் போதும். நடுவில் எடுத்தாலும் வட்டியில் சற்றுக் குறையுமே தவிர முதல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பாலிசியிலோ பெரும்பாலும் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டியாக வேண்டும். தொடக்க ஆண்டுகளில் நிறுத்தினால் கட்டியதில் பெரும்பகுதி திரும்பாது. இரண்டாம் ஆண்டுப் பிரீமியத்துக்குக் குறுஞ்செய்தி வரும்போதுதான் பலருக்கும் விஷயமே புரிகிறது.

கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியத்தில் வாழும் ஓர் அம்மா இப்படித்தான் என்னிடம் வந்தார். ஆண்டுக்கு இரண்டு லட்சம் வீதம் பத்து ஆண்டுகள் கட்ட வேண்டிய பாலிசி அது. அவர் பூர்த்தி செய்து கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட முன்மொழிவுப் படிவத்தின், அதாவது பாலிசி கேட்டு விண்ணப்பிக்கும் படிவத்தின், நகலைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு வாங்கினோம். தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்றும், ஆண்டு வருமானம் என்ற இடத்தில் பன்னிரண்டு லட்சம் என்றும் எழுதப்பட்டிருந்தது. அவருடைய ஓய்வூதியமோ மாதம் பதினெட்டாயிரம். மின்னஞ்சல் முகவரி அவருடையது அல்ல, அவர் பிள்ளைகளுடையதும் அல்ல. தமிழில் கையெழுத்திடுபவர்களுக்குப் படிவத்தின் பொருள் அவர்கள் மொழியில் விளக்கிச் சொல்லப்பட்டது என்று மற்றொருவர் உறுதியளிக்கும் பகுதியில், அவருக்கு முன்பின் தெரியாத ஒருவரின் கையெழுத்து இருந்தது. பணம் திரும்பக் கிடைக்கக் காரணமாக இருந்தது இந்தப் படிவமே அன்றி, அதிகாரி வாய்மொழியாக என்ன சொன்னார் என்பது அல்ல. எழுத்தில் இருப்பதைப் படித்துப் பார்த்தே ஒருவர் கையெழுத்திட்டார் என்றுதான் சட்டம் முதலில் கருதும். அதை மாற்ற வேண்டுமானால் எழுத்திலேயே ஆதாரம் வேண்டும்.

ஆனால் இவ்வளவு தூரம் வராமலே பணத்தை மீட்க ஒரு வழி உண்டு என்பது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், நிபந்தனைகள் பிடிக்கவில்லை என்று எழுதிக்கொடுத்துப் பாலிசியைத் திருப்பிவிடலாம். 'ஃப்ரீ லுக்' காலம் எனப்படும் இந்த அவகாசம் முன்பு பெரும்பாலான பாலிசிகளுக்கு 15 நாட்களாக இருந்தது; காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை 30 ஆக்கின. காப்பீடு நடப்பில் இருந்த நாட்களுக்கான சிறு தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் ஆகியவை போக மீதி முழுவதும் திரும்ப வரும். விற்ற அதிகாரியிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலோடு திரும்பி வருபவர்கள்தான் இந்த உரிமையை இழக்கிறார்கள். கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளையிலேயே கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரையும் கையொப்பமும் பெற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். மின்னஞ்சலுக்குப் பாலிசியை அனுப்பிவிட்டோம் என்று பின்னர் வாதிடப்படும் என்பதால், படிவத்தில் எழுதப்படும் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்களுடையவைதானா என்பதைக் கையெழுத்திடும் முன் பார்த்தாக வேண்டும். பிரீமியம் கட்டுவீர்களா, நிபந்தனைகள் விளக்கப்பட்டனவா என்று நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் கேட்கும்போது, பக்கத்தில் இருப்பவர் சொல்லிக்கொடுக்கிறார் என்பதற்காக "ஆமாம்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பதிவு பிறகு உங்களுக்கு எதிராகவே ஒலிக்கும்.

அவகாசம் கடந்துவிட்டாலும் கதவுகள் அனைத்தும் மூடிவிடுவதில்லை. முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) ஓராண்டுக்குள் செல்லலாம். அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. உத்தரவு காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடுவது மற்றொரு வழி. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய வசதி. செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. மாவட்ட ஆணையம் 50 லட்சம் வரையிலான வழக்குகளை விசாரிக்கும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது அதே விஷயத்தைக் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார். ஆகவே, பொதுவாகக் குறைதீர்ப்பாளரிடம் முதலில் செல்வதையே நான் பரிந்துரைக்கிறேன். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

லாக்கர் வேண்டுமென்றால் ஒரு பாலிசி போடுங்கள் என்ற பேச்சும் இன்னும் ஓயவில்லை. ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்படி, மூன்று ஆண்டு வாடகைக்கும் தேவைப்பட்டால் லாக்கரை உடைத்துத் திறக்கும் செலவுக்கும் ஈடான வைப்புத்தொகையை மட்டுமே வங்கி கேட்கலாம். லாக்கருக்காகப் பாலிசி எடுக்கச் சொன்னால் அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுதித் தரும் அலுவலரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இத்தகைய வழக்குகளில் என்னை மிகவும் வருத்துவது, வீட்டின் பணவிவகாரம் முழுவதும் ஒருவர் தலையில் மட்டுமே இருந்திருப்பதுதான். அவர் மறைந்ததும், அதுவரை வங்கிப் படியேறாத மனைவி, துக்கம் ஆறுவதற்குள் அதிகாரியின் மேசைமுன் தனியாக அமர்கிறார். கணவரும் மனைவியும் இருவரும் இருக்கும்போதே எந்த வங்கியில் என்ன இருக்கிறது, எந்தப் பாலிசிக்கு எப்போது பிரீமியம், நாமினி யார் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, இருவரும் சேர்ந்து ஒரு முறையாவது கிளைக்குச் சென்று வரவேண்டும். பெருந்தொகை வந்தவுடன் முடிவெடுக்க எந்த அவசரமும் இல்லை. சில வாரங்கள் சேமிப்புக் கணக்கில் கிடப்பதால் இழப்பது சொற்ப வட்டியே. "இன்றோடு இந்தத் திட்டம் முடிகிறது" என்று யாராவது சொன்னால், படிவத்தை வீட்டுக்கு எடுத்துச்சென்று படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்துவிடுங்கள்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள், கணக்கிலிருந்து பிரீமியம் தானாகப் பிடிக்கப்படுவதைக் கோபத்தில் உடனே நிறுத்திவிட வேண்டாம். அதற்கு முன், இன்று பாலிசியை ஒப்படைத்தால் எவ்வளவு கிடைக்கும், இன்னும் ஓராண்டு கட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்ற இரு கணக்குகளையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.