நிலவறைக்குள் ஒரு சூரியன்

கிறிஸ்தவம் பரவிய நூற்றாண்டுகளில் ரோமானிய நகரங்களில் பழைய வழிபாடுகள் எப்படித் தாக்குப்பிடித்தன என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அரசு மானியத்தில் நடந்த பெருங்கோயில்களின் கதை எளிதானது. 382-இல் பேரரசர் கிராஷியன் ரோம் நகரப் பூசாரிகளுக்கான மானியத்தை நிறுத்தியதும் அவை தளர்ந்தன. அரசின் காசை நம்பாமல், நகர நெருக்கடிக்குள் தனக்கென இடம் பிடித்துக்கொண்ட, மித்ராஸ் என்ற கடவுளின் வழிபாடே என்னைப் பெரிதும் வியக்க வைக்கிறது.

மித்ராஸ் ஒரு குகையில் காளையைக் கொன்றதாக ஐதீகம் என்பதால் கோயிலும் குகையாகவே இருக்க வேண்டியிருந்தது. அடியார்கள் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தையும், கிடங்குகளையும், குளியல் கூடங்களின் நிலவறைகளையும் அதற்கு எடுத்துக்கொண்டார்கள். நடுவே ஒடுங்கிய நடைவழி, இருபுறமும் சாய்ந்தமர்ந்து உண்பதற்கான திண்ணைகள், கோடியில் காளைவதைச் சிற்பம். தெருவை நோக்கிய முகப்பு எதுவும் தேவைப்படவில்லை. ரோமின் துறைமுக நகரான ஓஸ்டியாவில் மட்டும் இத்தகைய அறைகள் 15-க்கும் மேல் கிடைத்துள்ளன.

சூரியனோடு பிணைந்த கடவுளுக்கு இருட்டறையில் ஒளி வேண்டுமே! பிரிட்டனில் ரோமானியர் எழுப்பிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரை ஒட்டிய ஒரு கோயிலின் பலிபீடத்தில் மித்ராஸின் தலையைச் சூழ்ந்த கதிர்கள் கல்லைத் துளைத்தே செதுக்கப்பட்டுள்ளன. பின்புறக் குழியில் விளக்கை வைத்தால் சுடர் கண்ணில் படாமல் கதிர்கள் மட்டும் இருளில் ஒளிரும். பாலஸ்தீனக் கடற்கரையிலிருந்த செசரியாவில், கிடங்கொன்றின் கூரைத் துளை வழியே இறங்கிய வெயில் கோடைக்காலக் கதிர்த்திருப்ப நாளையொட்டி, அதாவது ஆண்டின் மிக நீண்ட பகலையொட்டிப் பலிபீடத்தை எட்டியது. வெளிச்சத்தைப் பெருக்குவதற்கு மாறாக, இருளை வளர்த்து அதில் ஒரு கீற்றை மட்டும் அனுமதித்த இந்த நுட்பம் அபாரமானது.

திண்ணைகளில் நடந்த விருந்தைப் பற்றி மண்ணே சாட்சி சொல்கிறது. பெல்ஜியத்தின் டீனன் ஊரில் ஒரு குழியில் கிடைத்த கோழி எலும்புகளும், ஆட்டுக்குட்டிகளின் வயதும் அது கோடை விருந்து என்று காட்டின. பழைய அகழாய்வுகளில் இத்தகைய எலும்புகளைப் பெரும்பாலும் எறிந்துவிட்டார்கள். சிற்பத்துக்குக் கிடைக்கும் நிதியில் ஒரு பங்கேனும் எலும்பாய்வுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் இந்த அறைகளில் பெரும்பாலானவை சில பத்துப் பேருக்கு மேல் கொள்ளாதவை. பெண்கள் உறுப்பினராக இருந்ததற்கு உறுதியான சான்றும் இல்லை. குடும்பம் முழுவதையும் சேர்த்துக்கொண்ட திருச்சபையோடு எண்ணிக்கையில் போட்டியிட இந்த அமைப்பால் இயலவில்லை. நான்காம் நூற்றாண்டில் ரோமின் செல்வந்த செனட்டர்கள் சிலரே இதற்குப் புரவலர்களாக நின்றார்கள். புரவலர் இல்லாதுபோனாலோ, அதிகாரம் எதிர்த்தாலோ அறையைக் காக்க எவரும் இல்லை. 377 வாக்கில் ரோமின் நகர ஆட்சியர் கிராக்கஸ், தாம் ஞானஸ்நானம் பெறுமுன் ஒரு மித்ராஸ் குகையைச் சிலைகளோடு இடித்தழித்தார்.