எந்தக் கைக்கு எந்த எலெக்ட்ரிக் கிதார்

எலெக்ட்ரிக் கிதாரில் நைலான் தந்தியை மாட்டிவிட்டு ஆம்பின் வால்யூமை எவ்வளவு திருகினாலும் ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது. தந்தி அதிரும், மரமும் அதிரும், காதைக் கிட்டே கொண்டுபோனால் மெல்லிய சத்தம்கூட வரும். ஆனால் தந்திகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப்புக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. மைக் போலக் காற்றின் அதிர்வைப் பிடிக்கும் கருவி அல்ல அது. தன் காந்தத்துக்கு முன்னால் இரும்பு அசைகிறதா என்பது மட்டும்தான் அதற்குப் புரியும்.

கடைக்குப் போகுமுன் இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பெங்களூரில் தமிழ் பேசும் கிதார்க்காரர்கள் ஒரே ரகம் இல்லை. ஞாயிறு காலையில் சிவாஜிநகர் பக்கம் தேவாலயப் பாடகர் குழுவோடு வாசிப்பவர் இருக்கிறார். முகூர்த்த நாளில் அல்சூர் மண்டபத்தில் மெல்லிசைக் குழுவோடு பழைய பாட்டு, புதுப் பாட்டு எல்லாம் வாசித்து நள்ளிரவில் வீடு திரும்புபவர் இருக்கிறார். 2007-இல் அயர்ன் மெய்டனும் 2011-இல் மெட்டாலிகாவும் வந்து பேலஸ் கிரவுண்ட்ஸை அதிரவைத்த ஊர் என்பதால் மெட்டல் பையன்களுக்கும் பஞ்சமில்லை. மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸையும் கிதார் பிரசன்னாவையும் கேட்டு வளர்ந்து, ஆறு தந்தியில் தோடியைப் பிடிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. நாலு பேரும் கடையில் கேட்கும் கேள்வி ஒன்றே: "அண்ணா, இதுல எது பெஸ்ட்?"

நல்ல கடைக்காரராக இருந்தால் திருப்பிக் கேட்பார்: "ஆம்புல கெய்ன் எவ்வளவு வைப்பே? தந்தியை எவ்வளவு இழுப்பே?" கெய்ன் என்பது உள்ளே வரும் சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருக்குகிறது என்பது. முதல் பதில் பிக்கப்பைத் தீர்மானிக்கும். இரண்டாவது பதில் கழுத்தையும் தந்தியையும் தீர்மானிக்கும். நிறம், பிராண்டு, உங்களுக்குப் பிடித்த கலைஞர் எதை வாசிக்கிறார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வர வேண்டியவை.

கெய்னிலிருந்து தொடங்குவோம். காந்தப் புலம் மாறினால் அருகில் உள்ள கம்பிச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே காட்டினார். பிக்கப் முழுக்க அந்த விதியின் மேல்தான் நிற்கிறது. 0.06 மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்புக் கம்பியை ஏழெட்டாயிரம் சுற்று சுற்றி, நடுவில் காந்தத்தை வைக்கிறார்கள். அந்தக் காந்தம் மேலே இருக்கும் எஃகுத் தந்தியையும் லேசாகக் காந்தமாக்கிவிடும். தந்தியை மீட்டினால் அந்தக் குட்டிக் காந்தம் சுருளுக்கு முன்னால் ஆடுகிறது. அது எந்த வேகத்தில் ஆடுகிறதோ அதே வேகத்தில் சுருளில் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. ஜார்ஜ் போசாம்ப்பும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் 1930-களின் தொடக்கத்தில் இப்படித்தான் எலெக்ட்ரிக் கிதாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

சிக்கல் ஒன்று உண்டு. தந்தியின் அசைவால் வரும் காந்த மாற்றத்தையும், வீட்டு மின்சாரத்தால் வரும் காந்த மாற்றத்தையும் பிரித்துப் பார்க்கச் சுருளுக்குத் தெரியாது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது அப்படியே 'ம்ம்ம்' என்று ஸ்பீக்கரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். (50 ஹெர்ட்ஸ் என்பது ஜி சுரத்துக்குச் சற்று மேலே. அதனால் ஜி மேஜரில் வாசிக்கும்போது நம் ஊர் இரைச்சல் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளும். 60 ஹெர்ட்ஸ் ஓடும் அமெரிக்காவில் இந்தச் சலுகை இல்லை.) டியூப் லைட் சோக், மேடை விளக்குகளின் டிம்மர், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் 50-இன் மடங்குகளையும் சேர்த்து அனுப்பும். கரண்ட் போய்ச் சதுர அலை இன்வெர்ட்டர் ஓடும் நேரத்தில் ஒற்றைச் சுருள் பிக்கப்பை ஆம்பில் மாட்டிப் பாருங்கள், வீட்டில் இருப்பவர்களே வந்து அணைத்துவிடுவார்கள்.

கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர் 1955-இல் இதற்கு ஒரு வழி கண்டார். ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு. இரண்டாவதில் கம்பியை எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் வடக்கு தெற்காகத் திருப்பி வைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்தம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருளிலும் அது எதிரெதிர்க் குறியோடு பிறந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் அசைவுக்கோ சுற்றும் திரும்பியிருக்கிறது, காந்தமும் திரும்பியிருக்கிறது. இரண்டு தலைகீழ் சேர்ந்து நேராகிவிடுவதால் இரண்டு சுருளின் ஒலியும் கூடும். இதுதான் ஹம்பக்கர்.

சத்தமில்லாத பிக்கப் இருக்கும்போது சத்தம் போடுவதை ஏன் இன்னும் வாங்குகிறார்கள்? அவை தரும் ஒலி வேறு. சுருள், அதன் மின்கொள்ளளவு (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்), ஆம்புக்குப் போகும் கேபிளின் மின்கொள்ளளவு மூன்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைத் தூக்கிக் கொடுக்கும், அதற்கு மேலே உள்ளதை வெட்டிவிடும். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வகை ஒற்றைச் சுருளோடு ஐந்து மீட்டர் கேபிள் போட்டால் அந்த மேடு சுமார் 4,000 ஹெர்ட்ஸில் நிற்கும். பழைய பாணி ஹம்பக்கரில் சுருளின் தூண்டம் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை, இண்டக்டன்ஸ்) ஏறத்தாழ இரட்டிப்பு. ஆகவே மேடு 3,000 பக்கம் இறங்கிவிடும். காதுக்கு முதலாவது கண்ணாடி மாதிரி பளிச்சென்றும், இரண்டாவது கனமாகவும் கேட்பது இதனால்தான். கேபிளை நீட்டினாலும் மேடு இறங்கும். கிதாரை ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒரே கேபிளில் ஒப்பிடுங்கள் என்று சொல்வது வெறும் பந்தா இல்லை.

இப்போது கெய்னை ஏற்றுவோம். டிஸ்டார்ஷன் என்பது அலையின் உச்சியை வெட்டித் தட்டையாக்குவது. உச்சி வெட்டுப்பட்டதும் பெரிய ஒலிக்கும் சின்ன ஒலிக்கும் இருந்த இடைவெளி குறைந்துவிடும். வாசிப்பை நிறுத்திய நொடியில் அடியில் கிடந்த இரைச்சல் முழு உருவத்தோடு எழுந்து வரும். மெட்டல் வாசிப்பவருக்கு ஹம்பக்கர் ஏன் கட்டாயம் என்பதற்கு இது போதும். இன்னொன்றும் உண்டு. டிஸ்டார்ஷனுக்குள் இரண்டு சுரங்கள் சேர்ந்து போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அதிர்வெண்கள் பிறக்கும். சட்ஜமமும் பஞ்சமமும் 2:3 விகிதத்தில் இருப்பதால் அவற்றின் வித்தியாசம் சரியாக ஒரு ஸ்தாயி கீழே உள்ள சட்ஜமம். இந்த இரண்டை மட்டும் சேர்த்து மீட்டும் பவர் கார்டு அவ்வளவு கனமாக ஒலிப்பதன் ரகசியம் அதுதான். அதே கெய்னில் நாலைந்து சுரமுள்ள கார்டைப் பிடித்தால் சம்பந்தமில்லாத அதிர்வெண்கள் குவிந்து சேறாகிவிடும்.

தேவாலயத்தில் வாசிப்பவர் அந்த நாலைந்து சுரக் கார்டுகளைத்தான் நாள் முழுக்கப் பிடிக்கிறார், கெய்ன் கிட்டத்தட்ட பூஜ்யம். அவருக்கு இரைச்சல் பெரிய பிரச்சினை இல்லை, ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்க வேண்டும். டெலிகாஸ்டரோ ஸ்ட்ராட்டோ ஒற்றைச் சுருளில் எடுப்பதே அவருக்கு நல்லது. மெல்லிசைக் குழுக்காரரின் பாடு தனி. ஒரு பாட்டில் மெலிதான மீட்டல், அடுத்த பாட்டில் கிழிக்கும் லீட், நடுவில் கிதார் மாற்ற நேரமில்லை. பிரிட்ஜ் (கிதார் உடலில் தந்திகளைத் தாங்கும் பாலம்) பக்கம் ஒரு ஹம்பக்கர், மற்ற இரண்டும் ஒற்றைச் சுருள் என்று வரும் எச்எஸ்எஸ் வகைதான் அவருக்குச் சோறு போடும்.

பிக்கப் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். பிரிட்ஜ் அருகே தந்தி அதிகம் ஆடாது, ஆதாரச் சுரம் அங்கே மெலிந்திருக்கும், மேற்சுரங்கள் ஓங்கி நிற்கும். கழுத்துப் பக்கம் நேர்மாறு. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டில் மூன்று பிக்கப்புக்கும் மூன்று நிலைச் சுவிட்சுதான். இரண்டு நிலைகளுக்கு நடுவில் சுவிட்சைச் சிக்கவைத்தால் இரண்டு பிக்கப் சேர்ந்து ஒரு வெற்று, இனிமையான ஒலி வருவதை வாசிப்பவர்களே கண்டுபிடித்துப் பரப்பினார்கள். 1977-இல்தான் கம்பெனி ஐந்து நிலைச் சுவிட்சைக் கொடுத்தது.

இனி இடது கை. தந்தியின் சுருதியை முடிவுசெய்வன மூன்று: நீளம், எடை, இழுவிசை. ஒரே சுருதிக்கு நீளம் கூடினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூட வேண்டும். ஃபெண்டர் வகைக் கிதார்களில் நட்டிலிருந்து (கழுத்தின் மறுமுனையில் தந்திகள் உட்காரும் பட்டை) பிரிட்ஜ் வரை 648 மில்லிமீட்டர், கிப்சன் வகையில் சுமார் 628. கணக்குப் போட்டால் இழுவிசை வித்தியாசம் 6 சதவீதம். நட்டுக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோக மெட்டு) உள்ள இடைவெளியில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான். இதை வைத்து மணிக்கணக்காகச் சண்டை போடுபவர்கள் தந்தியின் தடிமனைக் கவனிப்பதில்லை. மேல் ஈ தந்தியை (ஆறில் மிக மெல்லியது) 0.009 அங்குலத்திலிருந்து 0.010-க்கு மாற்றினாலே இழுவிசை 23 சதவீதம் ஏறிவிடும். 648 மில்லிமீட்டர் கிதாரில் ஏறத்தாழ 5.9 கிலோவிலிருந்து 7.3 கிலோ. கிதாரை மாற்றுவதைவிடத் தந்தியை மாற்றுவது பெரிய மாற்றம், செலவும் சில நூறு ரூபாய்தான்.

தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு முழுச் சுரம் ஏற்ற, இழுவிசை 26 சதவீதம் கூட வேண்டும். அதாவது 0.009 தந்தியை ஒரு சுரம் இழுத்து நிறுத்தும்போது இருக்கும் விறைப்பு, 0.010 தந்தி சும்மா இருக்கும்போதே கிட்டத்தட்ட இருக்கிறது. கமகம் வாசிக்க நினைப்பவர் இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். ஒரு பிடியில் இரண்டு மூன்று சுரத்தைத் தொட்டு வர வேண்டியவருக்கு 0.010 விரலைப் புண்ணாக்கும். 0.009, அல்லது அரைச் சுரம் இறக்கிய சுருதி (அதிலேயே இழுவிசை 11 சதவீதம் குறையும்) வேண்டும். ஸ்ரீநிவாஸ் தன் எலெக்ட்ரிக் மாண்டலினில் வழக்கமான இரட்டைத் தந்திகளை விட்டு ஒற்றைத் தந்திகளுக்கு மாறியதையும் இந்த இடத்தில் யோசித்துப் பார்க்கலாம். ஜோடித் தந்தி இரண்டையும் ஒரே அளவு இழுத்துச் சுருதி பிசகாமல் நிறுத்துவது நடக்கிற காரியமா?

வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயரமாகப் பதிந்திருக்கின்றன. விரல் தந்தியை அழுத்தும்போது அடியில் மரம் தட்டுவதில்லை, உராய்வு இல்லாமல் தந்தி வழுக்கிப் போகும். கிதாரில் இதற்கு நெருக்கமானது உயரமும் தடிமனும் கூடிய ஜம்போ ஃப்ரெட். அதற்கும் மேலே போனால் ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழித்துவிடும் ஸ்காலப்பு. இந்திய இசையையும் ஜாஸையும் கலந்த சக்தி குழுவில் ஜான் மெக்லாக்லின் வாசித்த கிதாரின் கழுத்து அப்படிக் குழிக்கப்பட்டதுதான். ஆனால் குழித்த கழுத்தில் சற்று அழுத்திப் பிடித்தாலும் சுருதி ஏறிவிடும். கார்டு வாசிக்கிறவர் கையில் அது அபஸ்வர இயந்திரம். ராகத்துக்கும் பாமாலைக்கும் ஒரே கிதார் வேண்டுமென்றால் ஜம்போ ஃப்ரெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விரல்பலகையின் வளைவும் இங்கேயே வருகிறது. பழைய ஃபெண்டர்களில் அது 184 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு, கிப்சனில் சுமார் 305. வளைவு அதிகமான பலகையில் கார்டு பிடிக்கச் சுகம். ஆனால் தந்தியைத் தாழ்வாக வைத்துக்கொண்டு மேல் ஃப்ரெட்டுகளில் இழுத்தால், தந்தி வளைவின் முதுகில் ஏறி அடுத்த ஃப்ரெட்டில் இடித்து மூச்சடைத்துவிடும். மெட்டல்காரருக்கு இழுப்பைவிடத் தாழ்ந்த சுருதி முக்கியம். ஒரு முழுச் சுரம் இறக்கினாலே இழுவிசை 21 சதவீதம் போய்த் தந்தி தொளதொளக்கும். அவர் தடித்த தந்தி போட வேண்டும், இன்னும் கீழே போகிறவர் 680 மில்லிமீட்டருக்கு மேல் நீளமுள்ள பாரிடோன் கிதாரைப் பார்க்க வேண்டும்.

மரம்? திண்ம உடல் கிதாரில் ஒலிக்காக மரத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண் என்பது என் கட்சி. எடைக்காகக் கொடுக்கலாம். கிப்சனின் லெஸ் பால் வகை நாலு கிலோவைத் தாண்டுவது சாதாரணம். மூன்று மணி நேரக் கச்சேரி முடிந்ததும் அந்தக் கணக்கைத் தோள் சொல்லும்.

கடையில் முதலில் ஆம்ப் இல்லாமல் வாசியுங்கள். மேல் ஈ தந்தியில் 12-இலிருந்து 15-ஆம் ஃப்ரெட் வரை ஒவ்வொன்றிலும் ஒரு முழுச் சுரம் இழுத்துப் பாருங்கள், எங்காவது ஒலி அறுந்தால் தெரிந்துவிடும். 12-ஆம் ஃப்ரெட்டில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் சுரமும் டியூனரில் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரிட்ஜில் தந்தி உட்காரும் சேடிலைத் திருகிச் சரிசெய்யச் சொல்லுங்கள், முடியாது என்றால் வேறு கிதார். பிறகு ஆம்பில் மாட்டி, நீங்கள் மேடையில் வைக்கும் அதே கெய்னை வைத்து, கையைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டு இரைச்சலை மட்டும் கேளுங்கள். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிதாருக்குள் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறது. தொட்டால் கூடினால் உள்ளே வயரிங் கோளாறு. சுறுக்கென்று ஷாக் அடித்தால் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை என்று பொருள், உடனே கையை எடுத்துவிடுங்கள்.

பழைய கிதார் வாங்குவதாக இருந்தால் பெங்களூரில் மார்ச், ஏப்ரலில் போய்ப் பார்ப்பது உத்தமம். காற்று வறண்டு கழுத்து மரம் சுருங்கும் காலம் அது. உலோக ஃப்ரெட் சுருங்காது. கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு குத்தும். சரியாக உலர்த்தாத மரம் என்றால் அப்போதே மாட்டிக்கொள்ளும். முனைகளை அரத்தால் தேய்த்துச் சரிசெய்துவிடலாம், விலையில் அந்தக் கூலியைக் கழிக்கச் சொல்லுங்கள். பாட் (வால்யூம், டோன் திருகும் பாகம்), கெபாசிட்டர், ஜாக் போன்றவை பழுதென்றால் எஸ்.பி. ரோட்டில் தேடிப் பிடிக்கலாம். கழுத்துக்குள் அதன் வளைவைச் சரிசெய்யும் முறுக்குக் கம்பி, அதாவது டிரஸ் ராட், திரும்பவே மறுக்கிறதா என்பதை மட்டும் காசு கொடுக்குமுன் திருகிப் பார்த்துவிடுங்கள்.