தென்னைக்குப் பட்ட காயம் ஆறுவதில்லை

தோப்புக்கு ஆலோசனை சொல்லப் போனால் காய்ப்பைப் பார்ப்பதற்கு முன் அடிமரத்தைத்தான் பார்ப்பேன். ஏறுவதற்காக வெட்டிய படிகள், கம்பி கட்ட அடித்த ஆணிகள் இல்லாத தோப்பு அபூர்வம். "மாமரத்துல வெட்டினா தானா மூடிக்குது, இதுவும் மூடிக்கும் சார்" என்பார்கள். மூடாது.

மாமரப் பட்டையின் உள்ளே கேம்பியம் என்ற மெல்லிய வளர்திசு சுற்றியிருக்கிறது. உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் உணவு கடத்தும் திசுவையும் அது உண்டாக்கிக்கொண்டே இருக்கும். காயம் பட்டால் ஓரத்திலிருந்து புதுத் திசு வளர்ந்து மெல்ல மூடிவிடும். தென்னை ஒருவித்திலைத் தாவரம், அதாவது விதையில் ஒரே ஒரு வித்திலை கொண்டது. அதற்குக் கேம்பியமே கிடையாது. தென்னையில் ஒட்டுக் கட்ட முடியாததும் இதனால்தான்.

அறுத்த தென்னந்துண்டு கிடைத்தால் உற்றுப் பாருங்கள். ஆண்டு வளையம் இருக்காது. சோறு என்று சொல்லும் வெளிறிய மென்மையான உள்திசுவுக்குள் பழுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு புள்ளியும் நீர்க்குழாயும் உணவுக்குழாயும் நாரும் சேர்ந்த ஒரு கட்டு. நடுவில் இடைவெளி விட்டு, வெளிச்சுற்றில் நெருக்கமாக இருக்கும். காற்றில் மரம் நிற்பது அந்த வெளிச்சுற்றின் பலத்தில்தான். நாம் படி வெட்டுவதும் சரியாக அங்கேதான். 60 வயது மரத்தின் தூரில் இன்றைக்கும் உணவு கொண்டுபோகிற குழாய்கள் அது இளங்கன்றாக இருந்தபோது உருவானவை. அறுந்தால் அந்த இடத்தில் மாற்று வராது.

வெட்டிய இடத்து வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வந்து முட்டையிடும். புழு உள்ளேயே சோற்றைத் தின்னும். நடுக்குருத்து வாடும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. பெரும்பாலும் அதற்குள் காலம் கடந்திருக்கும். தென்னைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று, அது போனால் பக்கக் கிளை வந்து காப்பாற்றாது. சாறு வடிதல் நோயின் பூஞ்சணமும் இதே காயங்கள் வழியாக நுழையும்.

ஏற ஏணியோ மரமேறும் கருவியோ போதும். பச்சை மட்டையை வெட்டத்தான் வேண்டும் என்றால் அடியில் 120 செ.மீ. காம்பை விட்டு வெட்டுங்கள். ஏற்கெனவே உள்ள காயத்தில் அழுகியதைச் செதுக்கி எடுத்துவிட்டு போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சணக்கொல்லி) பூசுங்கள். அப்புறம், அடிமரத்தில் ஓட்டையும், அதில் மென்று துப்பிய நாரும், பழுப்புச் சாறும் தெரிந்தால் அன்றைக்கே வட்டார வேளாண் அலுவலரைக் கூப்பிடுங்கள்; குருத்து பச்சையாக இருக்கும்வரை மரத்தைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.