எல்லையைத் தாண்டிய பிறகு

ஓர் எஞ்சினைச் சோதனை மேடையில் பொருத்தி இரவும் பகலுமாக ஓடவிடும்போது, அதன் எண்ணெய் அழுத்தம், குளிர்நீரின் வெப்பநிலை, சுழல்வேகம் ஆகியவற்றைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பது கணினிதான். ஒவ்வோர் அளவுக்கும் பொதுவாக இரண்டு எல்லைகள் உண்டு: முதலாவதைத் தாண்டினால் எச்சரிக்கை ஒலிக்கும், இரண்டாவதைத் தாண்டினால் சோதனை தானாகவே நின்றுவிடும்.

அந்த எண்களைத் தீர்மானிப்பது பார்வைக்குத்தான் எளிது. எண்ணெயை அழுத்தும் பம்பை எஞ்சினே சுழற்றுவதால், வேகம் குறைந்தால் அழுத்தமும் குறையும். முழு வேகத்துக்குரிய கீழெல்லையை வைத்தால், எஞ்சின் மெதுவாக ஓடும்போதெல்லாம் வீண் அலாரம் அடிக்கும். அதற்காக எல்லையைத் தாழ்த்திவிட்டாலோ, முழு வேகத்தில் எண்ணெய் போதாமல் பேரிங்குகள் தேயத் தொடங்கினாலும் அலாரம் வாய் திறக்காது. ஆகவே எல்லையும் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். வீண் அலாரத்தை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. அடிக்கடி ஏமாந்தவர் ஒரு நாள் அதை அணைத்தே வைத்துவிடுவார்.

சென்சாரே பழுதானால்? பல தொழிற்சாலைச் சென்சார்கள் தம் அளவை 4 முதல் 20 மில்லியாம்பியர் வரையிலான மின்னோட்டமாக அனுப்புகின்றன. மிகக் குறைந்த அளவுக்கே 4 என்பதால், மின்னோட்டம் 0 ஆனால் கம்பி அறுந்துவிட்டது என்று கணினி புரிந்துகொள்ளும்.

நிறுத்துவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. எஞ்சினுக்குச் சுமை கொடுக்கும் டைனமோமீட்டரை முதலில் விடுவித்தால், தடுக்க எதுவுமின்றி எஞ்சின் கட்டுக்கடங்காத வேகத்துக்குப் பாய்ந்துவிடும். எனவே முதலில் எரிபொருளைத் துண்டிக்க வேண்டும். சூடு தணியும்வரை குளிர்நீர்ப் பம்பு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கணினியே உறைந்துபோகக்கூடும் என்பதால், அவசரநிறுத்தப் பொத்தானின் மின்சுற்று அதைச் சாராமல் தனியே அமைக்கப்படுகிறது. எப்போதும் மின்னோட்டம் பாயும் அச்சுற்றில் கம்பி அறுந்தாலும் இயந்திரம் நிற்கும்.

நின்ற பிறகு திரையில் பத்து அலாரங்களாவது சிவந்து கிடக்கும். எஞ்சின் நின்றதாலேயே எண்ணெய் அழுத்தமும் விழுந்திருக்கும். அது காரணமன்று, விளைவு. அதனால்தான் நல்ல அமைப்பு, எல்லையைத் தாண்டுவதற்கு முந்தைய சில விநாடிகளின் அளவுகளையும், எது முதலில் தாண்டியது என்பதையும் தனியே பதிந்துவைக்கிறது.