பேருக்குத்தான் மதம் மாறுகிறேன் என்பவர்களுக்கு

போன வாரமும் ஒரு தம்பி வந்தார். மலாய் முஸ்லிம் பெண்ணைக் காதலிக்கிறார், அவரைக் கட்டிக்கொள்ள இஸ்லாத்துக்கு மாறியாக வேண்டும், கல்யாணத் தேதிகூடப் பார்த்துவிட்டார்கள், தன் வீட்டில் மட்டும் இன்னும் சொல்லவில்லை. "பேப்பர்ல மட்டும் மாறிக்கிறேன் மேடம், அம்மாவுக்கு நான் எப்பவும்போலதான். ஒத்துவரலன்னா திரும்பிடலாம்தானே?" என்கிறார். மலேசியாவில் குடும்ப வழக்குகள் பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

காதலைக் குறை சொல்லவில்லை. மனம் ஒப்பி இஸ்லாத்தைத் தழுவி நிறைவாக வாழ்கிறவர்கள் என் கட்சிக்காரர்களிலேயே உண்டு. ஆனால் இந்த நாட்டில் பேப்பரில் மட்டும் மாறுவது என்று ஒன்று கிடையாது, கிடையவே கிடையாது! பதிந்த நாளிலிருந்து திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை எல்லாம் ஷரியா என்னும் இஸ்லாமியச் சட்டத்துக்குள் போய்விடும். கல்யாணம் முறிந்தால் மதம் தானாகப் பழையபடி ஆகிவிடாது. அடையாள அட்டையிலிருந்து 'இஸ்லாம்' என்பதை நீக்க ஷரியா நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும் என்று 2007-ல், இஸ்லாத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய லினா ஜாய் என்ற பெண்ணின் வழக்கில், நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது. வீட்டில் திருநீறு பூசுவதும் தைப்பூசத்துக்குப் போவதும் பதிவை மாற்றாது. எவரெஸ்ட் ஏறப் போன மலேசியக் குழுவில் இருந்த மூர்த்தி 2005-ல் இறந்தபோது அவர் இந்துவாகவே வாழ்ந்தார் என்று மனைவி எவ்வளவோ சொல்லியும், மதம் மாறியவர் என்று ஷரியா நீதிமன்றம் தீர்ப்பளித்து, இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்தார்கள். கொள்ளி வைக்க ஒரே மகன் என்றிருக்கும் தாய்க்கு இது தெரிய வேண்டாமா?

சிலர் கல்யாணத்தைச் சிங்கப்பூரில் பதிந்துகொள்கிறோம் என்பார்கள். அங்கே பதியலாம், ஆனால் ஒருவர் மலேசிய முஸ்லிமாக இருந்தால் இங்கே அது செல்லாது. (முஸ்லிம் அல்லாத சீனர், இந்தியர் கல்யாணம் வேறு கதை, முஸ்லிம் அல்லாதோருக்கான 1976 திருமணச் சட்டத்தின்கீழ் மதம் மாறாமலே பதியலாம். தாலியா தேநீர்ச் சடங்கா என்ற சண்டையைப் பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.)

அப்புறம் பணம். ஊழியர் சேமநிதியில் அம்மாவை நியமித்திருக்கிறேன், கவலையில்லை என்கிறார்கள். முஸ்லிம் சந்தாதாரர் இறந்தால் நியமனதாரர் அந்தப் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர்தான். ஃபராயித் என்னும் இஸ்லாமியச் சொத்துப் பங்கீட்டு முறையில் முஸ்லிம் அல்லாத தாய்க்குப் பங்கில்லை. உயில் எழுதினாலும் வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாது. உயிரோடு இருக்கும்போதே ஹிபா, அதாவது அன்பளிப்பாக, கொடுக்க வழியுண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். "செத்துருவேன்" என்று மிரட்டுவதால்தான் பிள்ளைகள் ஒளிந்துபோய்க் கையெழுத்துப் போடுகிறார்கள். திட்டுவதை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

தம்பி, தங்கச்சி, ஷஹாதா (இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி) சொல்லப்போகிற நாளுக்கு முன்னால் அம்மாவிடம் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். காதலிப்பவரையும் கூட்டிக்கொண்டு சிவில், ஷரியா இரண்டும் தெரிந்த வழக்கறிஞரிடம் போங்கள், சேமநிதி, காப்புறுதி, வீட்டுக்கடன் தாள்களையும் எடுத்துப் போங்கள். கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னாலேயே போங்கள், தயவுசெய்து.